மதுரை – கொழும்பு நேர் விமானம், அஞ்சு பேர், ஆளுக்கு 7 கிலோ கைப்பை மட்டும்: அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா, கண்டி பார்க்க முடியுமா?

திருநகர்வாசி கேட்டது:

மதுரையில ஏறி கொழும்புல இறங்குறோம். நாங்க ரெண்டு பேர், பையனுக்கு 13, பொண்ணுக்கு 8, எங்க அம்மாவுக்கு 68. மொத்தம் எட்டு ராத்திரி. கடற்கரை, சஃபாரி எதுவும் வேணாம். பழைய தலைநகரங்கள், தம்புள்ளை குகைக் கோயில், கண்டியில புத்தரோட பல்லை வச்சிருக்கிற தலதா மாளிகை, நேரம் இருந்தா தெற்கே காலிங்கிற ஊர்ல இருக்கிற கோட்டை, அவ்வளவுதான்.

சரக்குல பெட்டி போடாம, ஆளுக்கு ஒரு கைப்பையோட போய் வரணும்னு ஆசை. வீட்டுல "எட்டு நாளைக்கு எட்டு செட் வேணாமா"ன்னு பஞ்சாயத்து ஓடுது. கேள்விகள் இதுதான். 7 கிலோவுக்குள்ள நிஜமா அடங்குமா? புத்த கோயிலுக்கு என்ன உடுத்தணும்? எந்த ஊர்ல எத்தனை நாள் தங்குனா பையை அடிக்கடி கட்டி அவுக்க வேண்டியிருக்காது? அம்மாவுக்கு மூட்டு வலி, படி அதிகம் ஏற மாட்டாங்க. சேலைதான் கட்டுவாங்க, சுத்த சைவம். மே மாசம் போறதா, அரையாண்டு லீவுல போறதான்னும் இன்னும் முடிவாகல.

---

வைகைக்கரை:

அடங்கும். ஆனா வீட்டுல துணியை எண்ணிக்கிட்டு இருக்காங்க பாருங்க, அங்கதான் தப்பு நடக்குது. எடையைத் தின்னுறது பை, செருப்பு, ஜீன்ஸ், சார்ஜர் இந்த நாலும்தான். சக்கரம் வச்ச சின்ன ட்ராலி வெறும் பெட்டியே ரெண்டரை, மூணு கிலோ வரும். 7 கிலோவுல அது பாதிக்குப் பக்கம். அதே இடத்துல 30, 35 லிட்டர் தோள்பை ஒரு கிலோவுக்குள்ள முடிஞ்சிரும். அனுராதபுரத்துல மணல், பொலன்னறுவையில சரளை, தம்புள்ளையில பாறை. சக்கரத்தை அங்கிட்டு எங்க உருட்டப் போறீங்க?

பெரியவங்க ஒருத்தருக்குக் கணக்கு போட்டுப் பாப்போம். பை 900 கிராம். மேல்சட்டை மூணு 540. லேசான பேன்ட் ஒண்ணு 350. நாலு முழ வேட்டியோ கைலியோ ஒண்ணு 280. உள்ளாடை நாலு செட் 280. நம்ம ஊரு ஈரிழைத் துண்டு 150. காத்துத் தடுக்கிற மேல்கோட்டு 300. ரப்பர் செருப்பு 300. பேஸ்ட், சோப்பு, எண்ணெய் எல்லாம் சேத்து 500. பவர் பேங்க், சார்ஜர், வயர் 600. மருந்து 300. காலி எவர்சில்வர் பாட்டில் 250. மடக்குக் குடை 300. கூட்டுனா 5 கிலோ 50 கிராம். உடுத்திக்கிட்டு ஏறுறதுல ஒரு செட்டும் கனமான செருப்பும் போயிரும். மிச்சம் கிட்டத்தட்ட ரெண்டு கிலோ, திரும்பி வரும்போது தேயிலைக்கு.

இந்தக் கணக்கு எங்க உடையும்னா, டர்க்கி டவல் ஒண்ணே அரைக் கிலோவைத் தாண்டும், ஜீன்ஸ் 600, 700 கிராம். ரெண்டையும் வீட்டுல வச்சுட்டு வந்தாலே பாதி வேலை முடிஞ்சது. ஜீன்ஸ் போட்டே ஆகணும்னு பையன் அடம் பிடிச்சா உடுத்திக்கிட்டு வரச் சொல்லுங்க. ஆனா அங்க அதைத் துவைச்சா ரெண்டு நாளைக்குக் காயாது.

எடை போடும்போது பையைக் கொக்கித் தராசுல தொங்கவிட்டுப் பாருங்க. குளியலறைத் தராசுல பையோட ஏறி, அப்புறம் பை இல்லாம ஏறிக் கழிக்கிறது அரைக் கிலோ வரைக்கும் பொய் சொல்லும். 6 கிலோவுக்குக் கட்டுங்க, 7க்குக் கட்டாதீங்க. கவுண்டர் தராசும் உங்க தராசும் ஒண்ணா இருக்கணும்னு சட்டம் இல்ல. டிக்கெட்டுல கைப்பை அளவு சென்டிமீட்டர்ல போட்டிருக்கும், அதையும் ஒருதடவை அளந்துக்கங்க.

பாதுகாப்புச் சோதனையில நம்மாளுக மாட்டுற இடம் சாப்பாடும் எண்ணெயும். திரவம், கூழ், பேஸ்ட் எதுவானாலும் ஒரு டப்பாவுக்கு 100 மில்லி, மொத்தமும் ஒரு லிட்டர் ஒளி ஊடுருவுற பைக்குள்ள. பாதி காலியான 200 மில்லி பாட்டிலும் கணக்குல 200தான், டப்பாவோட அளவைத்தான் பாப்பாங்க. ஊறுகாய், பொடிக்கு நல்லெண்ணெய், மிளகாய்ப்பொடி எல்லாம் கைப்பையில வேணவே வேணாம். கத்தரிக்கோலும் அப்படித்தான். பவர் பேங்க் கைப்பையிலதான் வரணும். 20,000 எம்.ஏ.எச்-ன்னா 3.7 வோல்ட்டால பெருக்கி 74 வாட் ஹவர். 100க்குள்ள இருந்தா பிரச்சினை இல்ல. ஆனா அந்த எண் மேல அச்சாகி இருக்கணும். தேஞ்சு போயிருந்தா அங்கேயே வாங்கி வச்சுக்கிடுவாங்க.

மின்சாரம் நம்ம ஊரு மாதிரியே 230 வோல்ட். பிளக்குதான் ரெண்டு விதம். பழைய கட்டடத்துல நம்ம உருண்டைக்கால், புதுசுல சதுரக்கால் மூணு. அஞ்சு பேருக்கு அஞ்சு அடாப்டர் வாங்காதீங்க. சதுரக்கால் அடாப்டர் ஒண்ணே ஒண்ணு, அதுல நம்ம ஊரு எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒண்ணு. மொத்தக் குடும்பத்துக்கும் போதும்.

---

செல்லூர் அக்கா:

துணி விஷயம் நான் சொல்றேன்.

கோயிலுக்குள்ள தோளும் முட்டியும் மூடியிருக்கணும், ஆம்பளை பொம்பளை சின்னப்பிள்ளை எல்லாருக்கும். பையனுக்கு அரைக்கால் சட்டை மட்டும் கட்டிக்கிட்டுப் போயிட்டு வாசல்ல நிக்காதீங்க. பொண்ணுக்குக் கையில்லாத ஃபிராக் வேணாம். வெளிர் நிறம் நல்லது. அங்கத்தவங்க கோயிலுக்கு வெள்ளைதான் உடுத்துவாங்க, வெயிலும் கம்மியா உறைக்கும். தொப்பியைக் கழட்டணும், அதனால வெயிலுக்குத் தொப்பியை மட்டும் நம்பாதீங்க.

அம்மாவுக்குப் பட்டோ, கனமான சின்தெடிக்கோ வேணாம். நம்ம சுங்குடிச் சேலை மூணு போதும், ஒண்ணு உடுத்திக்க, ரெண்டு பையில. ஒண்ணு 400 கிராம் பக்கம்தான் இருக்கும், சீக்கிரம் காயும். ஆனா ஒரு விஷயம். புதுச் சுங்குடியை அப்படியே கொண்டு போகாதீங்க. முதல் ரெண்டு மூணு அலசலுக்குச் சாயமும் கஞ்சியும் இறங்கும். லாட்ஜ் வாளியில வெள்ளைச் சட்டையோட சேத்துப் போட்டா மொத்தமும் சிவப்பாயிரும். ஊர்லேயே கல்லுப்புத் தண்ணியில ஊறவச்சு மூணு தடவை தனியா அலசி, தண்ணி தெளிஞ்சு வந்த பிறகு பையில வைங்க. பாவாடை ரெண்டு, அதுவும் மெல்லிசு.

வேட்டியைப் பத்தி வைகைக்கரை ஒரு வரியில முடிச்சுட்டாரு. இந்தப் பயணத்துல அதிகம் உழைக்கப்போறது அதுதான். முட்டி தெரியுற கால்சட்டைக்கு மேல சுத்திக்கிட்டா கோயிலுக்கு ஆச்சு. ராத்திரி போர்வை, வண்டியில வெயில் மறைப்பு, ஈரத்தலைக்குத் துவட்டி.

துவைக்கிறதுக்கு ஆளுக்கு மூணு செட் போதும், ஆனா ஒரு நாள் கூடத் தள்ளிப் போடக்கூடாது. சாயங்காலம் அறைக்கு வந்ததும் முதல் வேலை இது, சாப்பாட்டுக்கு அப்புறம் இல்ல. சலவைச் சோப்புக் கட்டியில ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கங்க. திரவ சோப்புன்னா அந்த ஒரு லிட்டர் பையில இடம் அடைச்சுக்கும். பத்து நிமிஷம் ஊறவச்சு, கழுத்துப்பட்டி, அக்குள், காலோரம் மட்டும் கசக்குங்க. ரெண்டு அலசல். முறுக்கிப் பிழியாதீங்க, பனியன் துணி இழுத்துக்கிடும். அமுக்கித் தண்ணியை விட்டுட்டு, காஞ்ச துண்டை விரிச்சு அதுமேல ஈரத்துணியைப் பரப்பி, பாய் சுருட்டுற மாதிரி இறுக்கச் சுருட்டி, முழங்காலால ஒரு ஓரத்துலேருந்து மறு ஓரம் வரைக்கும் மிதிங்க. துண்டு பாதி ஈரத்தை உறிஞ்சிரும். அப்புறம் மின்விசிறிக்கு நேரா கொடி. நாலு மீட்டர் எலாஸ்டிக் கயிறு, ரெண்டு புரியா முறுக்கினதா பாத்து வாங்குனா துணி நுனியைப் புரிக்குள்ள செருகிடலாம், கிளிப்பே வேணாம்.

காயுறது ஊரைப் பொறுத்தது. அனுராதபுரம், தம்புள்ளை, பொலன்னறுவை வறண்ட பக்கம், மழையில்லாத காலத்துல நாலஞ்சு மணி நேரத்துல மொறுமொறுன்னு காஞ்சிரும். கண்டி மலைமேல இருக்கிற ஈரமான ஊரு, ராத்திரி போட்டது காலையில சொதசொதன்னு இருக்கும். அதனால கண்டிக்குக் கிளம்புற முந்தின நாள் தம்புள்ளைப் பக்கத்துலேயே எல்லாத்தையும் துவைச்சு முடிங்க. கண்டியில உள்ளாடை மட்டும். ஈரத்துணியைப் பையில கட்டுனா நாத்தம் மட்டும் இல்ல, எடையும் கூடும்.

செருப்பு: கயிறு கட்டுற ஷூ வேணவே வேணாம். அனுராதபுரத்துல ஒரு நாளைக்குப் பத்துப் பதினஞ்சு தடவை கழட்டி மாட்டணும். பின்னாடி பட்டை வச்ச செருப்பு, ஒட்டுற மாதிரி. கூடவே ஆளுக்கு ஒரு ஜோடி தடிச்ச பருத்தி சாக்ஸ். பத்து மணிக்கு மேல கல்தளம் சுடும் பாருங்க, சித்திரைத் திருவிழாவுல ஆவணிமூல வீதித் தாரு சுடுற மாதிரி. கோயிலுக்குள்ள சாக்ஸோட நடக்கலாம்.

---

ஆனைமலை ஒத்தக்கடை:

இருவரும் பையைச் சொல்லிவிட்டார்கள். பாதையையும் பருவத்தையும் நான் சொல்கிறேன்.

விமான நிலையம் கட்டுநாயக்கவில், கொழும்புக்கு வடக்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பழைய தலைநகரங்களும் வடக்கேதான். ஆகவே முதல் நாள் கொழும்புக்குள் போய்த் தங்கிவிட்டு மறுநாள் அதே வழியில் திரும்புவது வீண். இறங்கியதும் நேரே ஹபரணை அல்லது தம்புள்ளைக்கு வண்டி வையுங்கள், நான்கு மணி நேரம் பிடிக்கும். கொழும்பைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

ஹபரணையில் நான்கு இரவு தங்கினால் பையை ஒரே முறை அவிழ்த்தால் போதும். அங்கிருந்து சிகிரியா 15, 20 கி.மீ., தம்புள்ளை 25க்குள், பொலன்னறுவை 45, அனுராதபுரம் 60க்குள். நான்கும் போய்த் திரும்பும் தூரம். பிறகு கண்டியில் இரண்டு இரவு, கொழும்பில் இரண்டு. காலி கோட்டையைக் கொழும்பிலிருந்து அதிவேகச் சாலையிலோ கடலோர ரயிலிலோ ஒரு பகலில் பார்த்துத் திரும்பலாம். கண்டியிலிருந்து நேரே காலிக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒரு பகல் முழுக்க வண்டியில் போய்விடும்.

மே மாதத்தில் தென்மேற்குப் பருவம் தொடங்கும். கொழும்பு, காலி நனையும், வடமத்திய பகுதி காய்ந்து கொதிக்கும். டிசம்பரில் தலைகீழ்: வடகிழக்குப் பருவ மழை அனுராதபுரம், பொலன்னறுவையில் பெய்யும், காலிப் பக்கம் வெளுத்திருக்கும். உங்கள் பட்டியலில் பெரும்பங்கு வடமத்தியில் இருப்பதால் என் ஓட்டு மே மாதத்துக்கு. ஒரு நிபந்தனை உண்டு. மே மாதப் பௌர்ணமி வெசாக். அந்த நாளையொட்டி விடுதிகள் நிரம்பும், கோயில்களில் நிற்க இடம் இருக்காது. ஜூன் பௌர்ணமி பொசொன், அன்று அனுராதபுரத்திலும் பக்கத்து மலைக்கோயிலான மிகிந்தலையிலும் நம் ஊரில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை நாள் கூட்டம்தான். தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குச் சிகிரியா, பொலன்னறுவை, அனுராதபுரத்தில் தனிக் கட்டணம் உண்டு. மற்ற வெளிநாட்டவர் கட்டணத்தில் ஏறத்தாழப் பாதி. அதற்குக் கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். போனில் எடுத்த படத்தை ஏற்கவில்லை என்றால் ஐந்து பேருக்கும் முழுக் கட்டணம். எல்லா பாஸ்போர்ட்டையும் ஒருவர் சட்டைக்குள் மெல்லிய பையில் வைத்திருப்பது போதும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டில் காலாவதியாகும், ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விசா விதியும் கட்டணமும் அங்கே அடிக்கடி மாறுகின்றன, இ.டி.ஏ. எனும் மின்னணு அனுமதியை இலங்கை அரசின் தளத்தில் மட்டும் பாருங்கள், அதைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் கூடுதல் பணம் பிடுங்கும்.

இனி இடங்கள். மதுரைக்காரர்கள் பொலன்னறுவைக்கு ஒரு முழு நாள் கொடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். 993இல் ராசராசனின் படை அனுராதபுரத்தை அழித்தது. சோழர் பொலன்னறுவையைச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்டனர். 1070இல் முதலாம் விசயபாகு அவர்களைத் துரத்தினான். அந்தக் காலத்தின் சான்று இரண்டாம் சிவ தேவாலயம். சோழ அரசி ஒருவரின் பெயரால் வானவன் மாதேவி ஈசுவரம். விமானம் வரை முழுக்கக் கல், இன்று அங்கே நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது. அரண்மனையிலிருந்து நாற்சதுர வளாகத்துக்குப் போகும் வழியில் இருப்பது முதலாம் சிவ தேவாலயம். அது 13ஆம் நூற்றாண்டு, பாண்டியர் பாணி. செங்கல் மேற்பகுதி விழுந்துவிட்டது. கீழே கருங்கல்லை வெட்டிப் பொருத்தியிருக்கும் இணைப்பில் நகம் நுழையாது. கிட்டே குனிந்து பாருங்கள், வழிகாட்டிகள் பெரும்பாலும் இதை ஐந்து நிமிடத்தில் தாண்டிவிடுவார்கள். அங்கே தோண்டியெடுத்த செப்புத் திருமேனிகள் பொலன்னறுவை, கொழும்பு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

நாற்சதுர வளாகத்தில் எல்லோரும் வட்டதாகே எனும் வட்டக் கோயிலைப் படம் எடுப்பார்கள். நீங்கள் பக்கத்து அட்டதாகேயை ஒட்டி நிற்கும் பலகைக் கல்லைத் தேடுங்கள். விசயபாகு புத்தரின் பல்லுக்குக் கட்டிய கோயிலைக் காக்க வேளைக்காரர் எனும் படைப்பிரிவு பொறுப்பேற்றதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அது. பையனை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள், சில எழுத்துகள் பிடிபடும். கல் விகாரையில் ஒரே பாறையில் நான்கு சிலைகள். கிடக்கும் புத்தர் 14 மீட்டர், நிற்பவர் 7 மீட்டர். முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) காலத்து வேலை. பாண்டியர் வாரிசுச் சண்டையில் மதுரைக்குப் படை அனுப்பியவனும் அவனே.

டிக்கெட்டை ஏரிக்கரை அருங்காட்சியகத்தில் வாங்கி நாள் முழுக்கப் பத்திரமாக வைத்திருங்கள், உள்ளே பல இடத்தில் கேட்பார்கள். இடிபாடுகள் சில கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடப்பதால் பிள்ளைகளுக்கு வாடகை சைக்கிள், அம்மாவுக்கு வண்டி.

---

திருநகர்வாசி:

அக்கா, சுங்குடி யோசனைக்கே கோடி நன்றி, வீட்டுல பஞ்சாயத்து பாதி முடிஞ்சது. ஒத்தக்கடை சார், அம்மாவை சிகிரியாவுக்குக் கூட்டிட்டுப் போகலாமா, இல்ல அறையிலேயே விட்டுறலாமா? அப்புறம் வண்டி: அஞ்சு பேர், டிரைவர், அஞ்சு தோள்பை. கார் போதுமா?

---

ஆனைமலை ஒத்தக்கடை:

சிகிரியா பாறைக்கோட்டையில் சுமார் 1,200 படி. அம்மா மேலே வேண்டாம். ஆனால் அறையிலும் விட வேண்டாம். 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் (477–495) போட்ட நீர்த் தோட்டங்கள் மேற்கு வாயிலிலிருந்து பாறை அடிவாரம் வரை சமதளம்தான். அதைப் பார்த்துவிட்டு மரநிழலில் உட்காரலாம், அருங்காட்சியகமும் உண்டு. இங்கே ஒரு சிக்கல் எல்லோருக்கும் நடக்கும்: ஏறும் வழி வேறு, இறங்கும் வழி வேறு. இறங்குகிறவர்களை நாகபடக் குகைப் பக்கமாகத் தெற்கே வேறொரு வண்டி நிறுத்தத்துக்குத் திருப்பிவிடுவார்கள். நுழைவாயிலில் காத்திருக்கும் அம்மா ஒருபுறம், நீங்கள் மறுபுறம். டிரைவரிடம் முன்பே சொல்லி, அம்மாவைத் தெற்கு நிறுத்தத்துக்கு அழைத்து வரச் செய்யுங்கள். அம்மா கையிலும் உள்ளூர் சிம் போட்ட ஒரு போன் இருக்கட்டும்.

ஏறுகிறவர்கள் வாயில் திறக்கும்போதே போய்விடுங்கள். ஓவியங்களுக்குப் போகும் சுழல் படியில் ஆள் பின்னால் ஆளாகத்தான் ஏற முடியும். ஒன்பது மணிக்கு அங்கே வரிசை நின்றுவிட்டால் வெயிலில் அசையாமல் நிற்க வேண்டியதுதான். ஓவியத்தைப் படம் எடுக்கத் தடை, போனைப் பைக்குள் வையுங்கள். கண்ணாடிபோல் மெருகிட்டதால் கண்ணாடிச் சுவர் எனப்படும் சுவரில் பழங்காலப் பயணிகள் கீறிய பாட்டுகள் இருக்கின்றன, பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப் பாதத்துக்கு மேல் பாறையில் பொருத்திய இரும்புப் படி. தலை சுற்றும் என்பவர்கள் பாத மேடையிலேயே நின்றுகொள்ளலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. பாறையில் தேனீக் கூடுகள் உண்டு. சத்தம் போடாதே என்ற பலகை அலங்காரத்துக்கு வைத்ததில்லை.

தம்புள்ளையில் படியும் பாறைச் சரிவும் சேர்ந்து அரை மணி ஏற்றம். அம்மா நிதானமாக ஏறினால் முடியும், மூட்டைப் பொறுத்து நீங்களே முடிவு செய்யுங்கள். டிக்கெட்டைக் கீழேயே வாங்கிவிட்டு ஏறுங்கள், இல்லாவிட்டால் மேலே போய்த் திரும்ப இறங்க நேரும். ஐந்து குகைகள், முதல் குகையில் 14 மீட்டர் நீளக் கிடந்த புத்தர் அறையை அடைத்துக்கொண்டு கிடப்பார், கால்மாட்டிலிருந்து தலைமாடு வரை நடந்துதான் பார்க்க முடியும். குரங்கு அதிகம். தின்பண்டம் கையில் தெரியக் கூடாது.

மிகிந்தலைக்கு 1,840 படி என்று பயமுறுத்துவார்கள். வண்டி மேல் நிறுத்தம் வரை போகும், பெரும்பகுதி படி மிச்சம்.

---

வைகைக்கரை:

வண்டி: கார் வேணாம். வேகன் ஆர் மாதிரி சின்ன வண்டிதான் அங்க நிறைய. டிரைவரோட சேத்து நீங்க ஆறு பேர், அடங்காது. "கே.டி.எச். வேன்"னு கேளுங்க, அங்க டொயோட்டா வேனுக்கு அதுதான் பேரு. பேசும்போது நாலு விஷயம் எழுத்துல வாங்கிக்கங்க: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் அடக்கம், கூடுனா கிலோமீட்டருக்கு எவ்வளவு, அதிவேகச் சாலைக் கட்டணம் யாருது, டிரைவர் தங்குறதும் சாப்பாடும் யாரு பொறுப்பு. இதுல ஏதாவது ஒண்ணை விட்டா கடைசி நாள் வாக்குவாதம்தான்.

கொழும்பு – காலிக்கு மட்டும் ரயில் பாருங்க. தோள்பைன்னா மடியில வச்சுக்கிட்டாச்சும் உக்காரலாம். ஊர் பஸ்ல சாமானுக்குத் தனி இடமே கிடையாது, டிரைவர் பக்கத்துல குவிப்பாங்க.

ஒத்தக்கடை சார்கிட்ட ஒரு மாற்றுக்கருத்து. அனுராதபுரத்தை ஹபரணையிலேருந்து பகல்ல போய்ட்டு வந்தா, நல்ல நேரம் ரெண்டும் கைவிட்டுப் போயிரும். ருவன்வெலிசாயாங்கிற பெரிய வெள்ளைத் தூபியை வெள்ளன ஆறு மணிக்கும் சாயங்காலம் விளக்கு போட்ட பிறகும் பாக்கணும். பதினோரு மணிக்குப் போனா வெள்ளைச் சுவரு கண்ணைக் கூச வைக்கும், காலு தரையில நிக்காது. முதல் ரெண்டு ராத்திரி அனுராதபுரம், அடுத்த ரெண்டு ஹபரணைன்னு பிரிச்சா பையை ஒரு தடவை கூடுதலா கட்டணும். 5 கிலோ பையைக் கட்ட பத்து நிமிஷம். இதுக்குத்தானே லேசாப் போறோம்?

---

ஆனைமலை ஒத்தக்கடை:

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கட்டுநாயக்கவிலிருந்து நேரே அனுராதபுரம் போங்கள், அரை மணியோ ஒரு மணியோ கூடும். ஸ்ரீ மகாபோதி எனும் புனித அரசமரம், ருவன்வெலிசாய இரண்டையும் மாலையில் வைத்து, மறுநாள் காலை அபயகிரி, சேதவனாராமம் தூபிகள், குட்டம் பொக்குண எனும் இரட்டைக் குளம். சேதவனாராமம் முதலில் 122 மீட்டர் உயரம், முழுக்கச் செங்கல். குளத்துப் படிக்கல் பொருத்தியிருக்கும் நேர்த்தியைப் பார்த்தால் நம் தெப்பக்குளம் ஞாபகம் வரும். மகாபோதிக்கும் இசுருமுனிய பாறைக் கோயிலுக்கும் கட்டணம் தனி, பெரிய டிக்கெட்டில் அவை சேராது.

கண்டி தலதா மாளிகையில் பூசை நேரம் காலை 5:30, 9:30, மாலை 6:30. வாசலில் பையைச் சோதிப்பார்கள், அதனால் பைகளை முதலில் அறையில் போட்டுவிட்டு வாருங்கள். கண்டியின் கடைசி நான்கு அரசர்கள் நாயக்கர். மதுரையிலிருந்து பெண்ணெடுத்த வழியில் 1739இல் ஆட்சி அவர்களிடம் வந்தது. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராசசிங்கனை 1815இல் ஆங்கிலேயர் பிடித்து வேலூருக்கு அனுப்பினார்கள், 1832இல் அங்கேயே இறந்தான். அகழியோரம் நிற்கும் எண்கோண மண்டபம் அவன் காலத்தது. கொழும்பு அருங்காட்சியகத்தில் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டைத் தவறவிடாதீர்கள்: 1409ஆம் ஆண்டுத் தேதியோடு சீனம், தமிழ், பாரசீகம், சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹே வைத்தது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் எனும் தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது.

---

செல்லூர் அக்கா:

சைவம் கேட்டீங்களே, யாரும் சொல்லல. இடியப்பம், சொதி, பருப்பு, சோறு எங்கேயும் கிடைக்கும். ஆபத்து தேங்காய்ச் சம்பல்லதான். பார்க்கச் சைவமா இருக்கும், உள்ள மாசிக் கருவாட்டுத் தூள் போட்டிருப்பாங்க. மரக்கறிக் குழம்புலயும் சில இடத்துல சேப்பாங்க. "சைவமா"ன்னு மட்டும் கேக்காதீங்க, "மாசி போடாததா"ன்னு கேளுங்க. கண்டி, கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் சைவக் கடைகள் உண்டு, அங்க அம்மா நிம்மதியா சாப்பிடலாம். சிகிரியா, பொலன்னறுவை நாளுக்குக் காலையிலேயே விடுதியில இடியப்பம் கட்டித் தரச் சொல்லிருங்க.

அம்மாவோட மருந்தை அட்டையோடயே எடுங்க, மாத்திரையை உதிர்த்து டப்பாவுல கொட்டாதீங்க. எட்டு நாளைக்குப் பன்னெண்டு நாள் மாத்திரை, டாக்டர் சீட்டு ஒண்ணு. உப்பு-சர்க்கரைப் பொட்டலம் ஆளுக்கு மூணு, கொசு மருந்து 50 மில்லி. மூட்டுக்குப் போடுற தைலம் 100 மில்லிக்கு மேல இருந்தா சின்ன டப்பாவுல மாத்திக்கங்க.

இன்னொண்ணு, பிள்ளைங்ககிட்ட இப்பவே சொல்லி வைங்க. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்னு படம் எடுக்கக் கூடாது, செல்ஃபியும் அதுல சேத்திதான். காவலர் கூப்பிட்டுப் படத்தை அழிக்கச் சொல்லுவாரு. பக்கவாட்டுல நின்னு எடுத்துக்கலாம்.

---

திருநகர்வாசி:

முடிவு: மே, வெசாக் தாண்டி. அனுராதபுரம் 2, ஹபரணை 2, கண்டி 2, கொழும்பு 2. பொண்ணுக்குத் தனிப் பை வேணுமா, எங்க பையிலேயே பிரிச்சுக்கலாமா?

---

வைகைக்கரை:

தனிப் பை கொடுங்க, ஆனா 15 லிட்டர் பள்ளிப் பை. அவ துணியும் சாக்ஸும் மட்டும், ரெண்டு கிலோவுக்கு மேல வேணாம். அவளுக்கும் டிக்கெட்டுக்கு 7 கிலோ உண்டு, அதனால திரும்பி வரும்போது தேயிலை, மசாலா எல்லாம் அந்தப் பையிலதான் ஏறும். காலி துணிப்பை ஒண்ணை மடிச்சு அதுக்குள்ள வச்சுருங்க.